ஒழுகுவது மழையில், உடைவது வெயிலில்

ஐப்பசியில் முதல் கனமழை அடித்த மறுநாள் சென்னையில் எந்த மேஸ்திரியையும் போனில் பிடிக்க முடியாது. தெருவில் பாதி வீட்டுக் கூரையில் ஓதம், எல்லாருக்கும் ஆள் இன்றைக்கே வேண்டும். பழி மழைமேல் விழுகிறது. ஆனால் அந்த மாடிகள் சித்திரை, வைகாசி வெயிலிலேயே விட்டுப்போயிருந்தன. அப்போது விழுந்த மயிரிழை விரிசலை ஐப்பசி மழை கண்டுபிடித்தது, அவ்வளவுதான். மாடிக்கு என்ன பூசலாம், எதை ஒட்டலாம் என்று யோசிப்பவர்கள் தண்ணீருக்கு முன்னால் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கான்கிரீட் ஒரு டிகிரி சூடு ஏறினால் தன் நீளத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு நீளும். 10 மீட்டர் தளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 3 மி.மீ. நீண்டுவிடும். கருத்துப்போன மொட்டை மாடியின் மேற்பரப்பு மே மாத மதியத்தில் 60 டிகிரியைத் தொடும், விடியற்காலையில் 30-க்கு வந்துவிடும். தளத்தின் முழுக் கனமும் அவ்வளவு சூடாவதில்லை. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது: மேல்பக்கம் நீள, அடிப்பக்கம் அந்த அளவுக்கு நீளாததால் தளம் லேசாக முதுகு வளைகிறது. இந்த நீட்டலும் வளைவும் தினமும் நடக்கும். நடுவே ஒரு கோடை மழை பெய்தால் மேல்தோல் மட்டும் சில நிமிடங்களில் குளிர்ந்து சுருங்கும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். இழுபடுவதைக் கான்கிரீட் தாங்காது, எனவே கீறல் விடுகிறது. தளம் வந்து கைப்பிடிச் சுவரில் முட்டும் இடம், குழாய் துளைத்துக்கொண்டு போகும் இடம், செங்கல்லும் கான்கிரீட்டும் சந்திக்கும் இடம் ஆகியவைதான் முதலில் விடும்.

அதற்கப்புறம் வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. 1,000 சதுர அடி மாடியில் அது கிட்டத்தட்ட 45,000 லிட்டர். இவ்வளவு தண்ணீருக்கு மயிரிழை விரிசலே தாராளம். உள்ளே போன நீர் கம்பியைத் தொட்டதும் துரு ஏறும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட் பொட்டுப்பொட்டாகப் பெயர்ந்து விழுகிறது. அந்த நிலைக்கு வந்த கூரையில் பெயின்ட் அடித்து ஓதத்தை மறைப்பது ஏமாற்று வேலை.

எந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதற்கும் முன்னால் வாட்டத்தைப் பாருங்கள். பொதுவாக ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு வேண்டும். மழை நின்று ஒரு நாள் கழித்தும் மாடியில் குட்டை தெரிந்தால், அங்கே எந்த டப்பாவைக் கொட்டினாலும் ஆயுள் குறைவுதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் வாட்டம் டப்பாவில் வருவதில்லை.

நம் ஊரில் இந்த வாட்டத்தையும் நீர்த்தடுப்பையும் ஒரே வேலையாகச் செய்தது சுருக்கி. சின்னச் செங்கல் ஜல்லியை நீற்றிய சுண்ணாம்போடு கலந்து தளத்தின்மேல் மூன்று, நான்கு அங்குலக் கனத்துக்கு விரிப்பார்கள். 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். சர்க்கரை சேர்ந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். கரைந்த சுண்ணாம்பு செங்கல்லில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து மெதுவாக இறுகும். சிமென்ட் அளவுக்கு விறைப்பு இல்லாததால் தளம் அசைந்தால் ஓரளவு வளைந்து கொடுக்கும். சின்னக் கீறல் விட்டாலும், மிச்சமிருக்கும் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, கீறலுக்குள் போய், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து அதை அடைத்துவிடும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் கூரை என்று சொன்னால் மிகை இல்லை.

இன்றைக்குச் சுருக்கி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது வேறு. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட், அடிப்பதற்குப் பதில் மட்டப்பலகையால் ஓர் இழுப்பு. மேலே தட்டோடு பதித்து, இணைப்புகளில் சிமென்ட் பால் ஊற்றினால் வேலை முடிந்தது. ஓடு வெயிலில் நீளும்போது முதலில் விடுவது அந்த இணைப்புதான். தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். உள்ளே இறங்கிய நீர் ஜல்லி அடுக்கிலேயே வாரக்கணக்கில் தங்கும். மழை விட்டுப் பத்து நாளாகியும் கூரை ஏன் சொட்டுகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை அந்த அடுக்கில் இருக்கிறது. இன்னொன்று: இந்த அடுக்கு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை எடை போடும். பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு சுருக்கி போடச் சொல்பவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

சரி, பூச்சுகளுக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது நீட்சி: 300 சதவீதம் நீளும், 500 சதவீதம் நீளும். பொய் இல்லை, ஆனால் அந்த எண்ணை எடுத்தது பூச்சைத் தனித் தாளாக உரித்து இரண்டு பக்கமும் இழுத்து. மாடியில் அது தளத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கீழே விரிசலே இல்லாத இடத்தில் புதிதாக அரை மி.மீ. விரிசல் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள வேண்டிய பூச்சின் தொடக்க அகலம் பூஜ்யம், போய்ச் சேர வேண்டிய அகலம் அரை மி.மீ. சதவீதம் போட்டால் முடிவிலி! எந்த ரப்பரும் அதைத் தாங்காது. பூச்சு பிழைப்பது எப்படியென்றால், விரிசலின் இரு கரையிலும் கொஞ்ச தூரம் பிடி விட்டு, இழுப்பை அந்த அகலத்துக்குப் பரப்பிக்கொள்கிறது. கனமான பூச்சில் இழுப்பு பரவ இடம் உண்டு, மெல்லிய பூச்சில் இல்லை. அதனால்தான் தெரிந்த விரிசல்மேல் முதலில் ஒட்டாத நாடா ஒன்றை வைத்து, அதன்மேல் வலை பதித்துப் பூசுவார்கள்.

ஆக நீட்சியைவிடக் கனத்தைக் கேளுங்கள். கணக்கு எளிது. 20 லிட்டர் வாளியை 200 சதுர அடிக்குப் பூசினால் ஈரமாக இருக்கும்போது சுமார் 1 மி.மீ. கனம். அதில் பாதி நீர் என்றால் காய்ந்த பின் அரை மி.மீ. அதே வாளியை 500 சதுர அடிக்கு இழுத்தால் மிஞ்சுவது 0.2 மி.மீ. பார்க்க இரண்டும் ஒரே வெள்ளைதான். கூலிக்காரர் ஏமாற்றுவதைவிட, வாளியை எண்ணாத வீட்டுக்காரர் ஏமாறுவதுதான் அதிகம்.

நீரில் கரைத்து வரும் அக்ரிலிக் பூச்சு மலிவு, வெயிலைத் தாங்கும், ஆனால் தேங்கிய நீரில் ஊறி மென்மையாகிவிடும். பாலியூரித்தேன் தேங்கும் நீரை அதைவிட நன்றாகச் சமாளிக்கும். விலை கூடுதல். அதிலும் மலிவான அரோமாட்டிக் வகை வெயில் பட்டு மஞ்சளாகி, பொடி உதிரும். மேல்பூச்சு வெயிலில் அப்படி மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகையாக இருக்க வேண்டும். கேஸ் தீயில் சூடாக்கி ஒட்டும் ஏ.பி.பி. தாரோலை (பிளாஸ்டிக் கலந்த தார்த் தாள்) 3, 4 மி.மீ. கனம் என்பதால் விரிசலைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் தாரைப் புற ஊதாக் கதிர் விறைப்பாக்கும், எனவே வெறுமனே விடக் கூடாது. கறுப்பு மாடி வீட்டைச் சுட்டெரிக்கும் என்பது வேறு. ஆள் நடமாடி, துணி காயவைத்து, வடகம் பிழியும் மாடிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். யாரும் ஏறாத கல்யாண மண்டபக் கூரைக்குச் சரி.

எந்த வகையானாலும் ஈரத் தளத்தின்மேல் பூசினால் கொப்புளம் நிச்சயம். அடியில் சிக்கிய நீரின் ஆவி அழுத்தம் 30 டிகிரியில் இருப்பதைவிட 60 டிகிரியில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அது பூச்சைக் கீழிருந்து தள்ளும். சோதிக்க ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு முழுக்க, 16 மணி நேரமாவது விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். இந்த வேலைக்குக் காலம் மாசி, பங்குனி. ஐப்பசியில் அவசரமாகப் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்து மூடி போடுவது.

நிறம் அழகுக்காக அல்ல. நல்ல வெள்ளைப் பரப்பு வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மேற்பரப்புச் சூடு குறைந்தால் தளத்தின் நீட்டலும் குறையும், விரிசலும் குறையும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது வீட்டுச் சூட்டையும் மின்செலவையும் மனதில் வைத்துத்தான், ஆனால் ஒழுகலுக்கும் அதே வெள்ளை உதவும். புழுதி படிந்தால் பலன் குறையும், வருஷம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

புது வீடு என்றால் என் தேர்வு இது: தளத்தின்மேல் ஒரு நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் வாட்டத்தோடு சுண்ணாம்புச் சுருக்கி, மேலே வெள்ளை ஓடு. பூச்சு வெயில் படாமல் அடியில் இருப்பதால் அதன் ஆயுள் பல மடங்கு கூடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. பழைய வீட்டில் சுருக்கி உளுத்துப்போயிருந்தால் பெயர்த்து எடுங்கள். நன்றாக இருந்தால் இணைப்புகளைக் கீறித் திறந்து, வளையும் பசையால் அடைத்து, கோடையில் நன்றாகக் காயவிட்டு வலையோடு பாலியூரித்தேன், மேலே வெள்ளை. கைப்பிடிச் சுவர் மூலையில் சரிவாகக் காரை வைத்து, பூச்சைச் சுவரில் ஓர் அடியாவது ஏற்றிவிட வேண்டும். ஏ.சி. ஸ்டாண்டுக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் துளை போடுவதாக இருந்தால் பூசுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் வடிகுழாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ ஏறும். நல்ல கான்கிரீட் தளத்துக்கு அது பொருட்டே இல்லை. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் மட்டும் தண்ணீர் கட்ட வேண்டாம். அங்கே ஹோஸ் பைப்பால் பகுதி பகுதியாக நனைத்து, கீழே ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தால் போதும்.