எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லும் அம்மா

பாம்பனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகளையும் பெரும்பாலும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கண்ணு பட்டுடுச்சு என்கிறார்கள், இல்லாவிட்டால் எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்கிறார்கள். நான் சரியாகத்தான் வளர்க்கிறேனா என்று அளக்க முடியுமா?"

வளர்ப்பை அளப்பது கடினம். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையை அளக்கலாம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இந்த நம்பிக்கையைப் பற்றி எழுதினார். பெற்றோருக்கான வினாத்தாள் ஒன்று 1978-இல் வந்தது. அதில் 17 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 ('கொஞ்சமும் உடன்படவில்லை') முதல் 6 ('முற்றிலும் உடன்படுகிறேன்') வரை மதிப்பெண். கூட்டினால் 17-க்கும் 102-க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும்.

இதில் என்னை மயக்குவது ஒரு சின்ன ஏற்பாடு. 8 வாக்கியங்கள் 'எனக்கு இது வரும்' என்ற பக்கம் பேசும். மீதி 9-உம் சலிப்பு, கவலை, தோல்வி என்று எதிர்ப்பக்கம் பேசும். ஏன்? கேட்க வந்தவர் மனம் நோகக் கூடாதென்று எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்போர் நம்மில் நிறைய. அப்படி ஓர் அம்மா எல்லாவற்றுக்கும் 6 போடுகிறார் என்று வையுங்கள். எதிர் வாக்கியங்களின் விடையை 7-இலிருந்து கழிக்க வேண்டும், அதனால் அங்கே 6 என்பது 1 ஆகிவிடும். 8 × 6 = 48, அதோடு 9; மொத்தம் 57. எல்லாவற்றுக்கும் 1 போட்டிருந்தால்? 8-உம் 54-உம் சேர்ந்து 62. சரிநடு 59.5. வாக்கியத்தைக் கவனிக்காமல் தலையாட்டியவர் எந்தப் பக்கம் ஆட்டினாலும் நடுவில் வந்து நிற்கிறார்! தராசில் முள்ளை நேராக்குவது போன்ற வேலை, வெறும் கழித்தலில் நடந்துவிடுகிறது.

ஆனால் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பது பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவின் வாயில் வராத சொல். ஆறு சிப்பியைக் கொடுத்து, எத்தனை வைக்கிறீர்கள் என்று கேட்கலாம். அது சரிவருமா என்று சோதித்துப் பார்க்கத்தான் ஆராய்ச்சிப் பணம் வேண்டும். திருஷ்டி கழிக்கச் செலவாகும் காசைவிட அது நூறு மடங்கு உருப்படியானது என்பேன்.

அந்த வாசகிக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் பெரும்பாலும் கிருமியால் வருவது. கண்ணாலும் இல்லை, உங்கள் வளர்ப்பாலும் இல்லை. வினாத்தாள் கையில் கிடைத்தால் இரண்டு முறை நிரப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், உங்கள் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். அப்போது ஒரு தடவை. படகு போன பிறகு, ஜூலையில் ஒரு தடவை. அப்புறம் எந்தெந்த வாக்கியத்தில் எண் மாறியிருக்கிறது என்று அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.