தோல் டிரம்மின் டிரைவ் எரிந்தால் கோளாறை எங்கே தேடுவது?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாயான டிரம்மை ஓட்டும் விஎஃப்டி டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) நின்றுவிட்டால் உடனே புதுசு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கோளாறு மோட்டாரிலோ கேபிளிலோ இருந்தால், ஸ்டார்ட் கொடுத்ததும் அதுவும் போய்விடும்.

டிரைவுக்குள் வரும் 415 வோல்ட் மூன்று ஃபேஸை ரெக்டிஃபையர் டிசியாக்குகிறது. கெப்பாசிட்டர்கள் அதை ஏறத்தாழ 580 வோல்ட்டில் தாங்கி நிற்கின்றன. ஆறு ஐஜிபிடிகள் (மின்னணு சுவிட்சுகள்) அதை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன.

மெயினை அணைத்து 10 நிமிடம் பொறுங்கள். டிசி பிளஸ், மைனஸுக்கு இடையே 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம். உள்வரும், வெளிச்செல்லும் கேபிள்களைக் கழற்றி, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை மைனஸில், கருப்பு முனை மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனையங்கள் ஒவ்வொன்றிலும். மூன்றிலும் 0.3 முதல் 0.6 வோல்ட் வரை, ஒரே மாதிரி வர வேண்டும். பிறகு கருப்பு பிளஸில், சிவப்பு அந்த மூன்றிலும். ஏதாவது ஒன்று பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்த ஐஜிபிடி ஷார்ட். ரெக்டிஃபையருக்கு இதையே மின்சாரம் உள்ளே வரும் ஆர், எஸ், டி முனையங்களில் செய்யுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லையா? மின்சாரம் கொடுத்து டிசி அளவைப் பாருங்கள். 580 இருந்தால் உள்ளே உள்ள சிறு பவர் சப்ளை போயிருக்கிறது. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் (கெப்பாசிட்டரை முதலில் மெதுவாக நிரப்புவது) அறுந்துபோயிருக்கும்.

மோட்டாரை 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) சோதிக்கலாம், ஆனால் டிரைவிலிருந்து கழற்றிய பிறகே. மாட்டியபடியே மெக்கர் போட்டால் நல்ல ஐஜிபிடியும் செத்துப்போகும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது.

டிரம்முக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஈரத்தோலும் தண்ணீரும் ஒருபக்கமாகத் தொங்க, நிறுத்தும்போது அந்தச் சுமை மோட்டாரைச் சுழற்றி அதை ஜெனரேட்டராக்குகிறது. டிசி 800 வோல்ட்டைத் தொட்டதும் ஓவர்வோல்டேஜ் டிரிப். நிறுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் அந்த மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். டிரிப்பை ரீசெட் செய்துகொண்டே ஓட்டுவது கெப்பாசிட்டருக்குக் கேடு.

காற்றும் பகைதான். சுண்ணாம்புக் குழிப் பக்கம் எழும் சல்பைடு வாடை போர்டின் செம்பைக் கருக்கி அரிக்கும்; தோலைத் தேய்க்கும் பஃபிங் தூசு, டிரைவின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை அடைக்கும். வேலூர்க் கோடையில் 40 டிகிரி தாண்டும்போது ஃபேன் நின்றால் கேட்கவே வேண்டாம்: 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டர் ஆயுள் ஏறத்தாழப் பாதி. டிரைவை தனி அறையில், ஃபில்டர் போட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

பழுது பார்த்ததும் மோட்டார் இல்லாமலே 50 ஹெர்ட்ஸில் ஓட்டி, வெளிவரும் மூன்று வோல்டேஜையும் அளந்து பாருங்கள். சாதா மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, மூன்றும் ஒன்றுக்கொன்று சமமா என்பதையே பாருங்கள். மூன்றும் சமமாக இருந்தால் மோட்டாரை இணைக்கலாம்.