பேஸ் கிட்டாரின் மூடிக்கு அடியில்

ஜாஸ் பேஸ் கிட்டாரின் குமிழ்கள் பொருத்திய உலோகத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். மூன்று குமிழ்களின் (இரண்டு வால்யூம், ஒரு டோன்) அடிப்பாகம், மிட்டாய் அளவில் ஒரு மின்தேக்கி, கேபிள் செருகும் ஜாக், சில ஒயர்கள். 1960இல் ஃபெண்டர் நிறுவனம் இந்தக் கருவியைக் கொண்டுவந்ததிலிருந்து உள்ளே இருப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். ஓசை அலுத்துவிட்டால் நாம் உடனே புதிய பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு, வாங்கப் பணம் சேர்க்கிறோம். அதற்கு முன் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

பிக்கப்பை மைக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றின் அதிர்வு அதற்குக் கேட்பதில்லை. காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமுடி பருமனுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே அதிரும் எஃகுத் தந்தி அந்தக் காந்தப் புலத்தைக் கலைக்க, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலான் தந்தி மாட்டினால் பிக்கப் ஊமை.

சுருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. தந்தியின் காந்தப் புலம் எது, வீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ தந்தியை கழுத்திலுள்ள மூன்றாம் கட்டில் (ஃபிரெட்டில்) அழுத்தினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலும் இசையும் இப்படித் தோளுரசி நிற்கும்போது ஒன்றை மட்டும் வடிகட்ட வழியில்லை. இதற்குத்தான் இரட்டைச் சுருள் தந்திரம். இரண்டாவது சுருளை எதிர்த்திசையில் சுற்றினால் அதில் இரைச்சல் தலைகீழாகிறது. காந்தத்தையும் திருப்பி வைத்தால் இசை மட்டும் மீண்டும் நேராகிறது. இரண்டையும் கூட்டினால் இரைச்சல் கழிந்து இசை மிஞ்சும். 1957இல் ஃபெண்டரின் இன்னொரு கருவியான பிரிசிஷன் பேஸுக்கு வந்த, இரண்டாகப் பிளந்த பிக்கப் இப்படித்தான் வேலை செய்கிறது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளே அந்த ஜோடி. அதனால்தான் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது அமைதி. ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் எட்டிப் பார்க்கிறது. உள்ளே செம்புத் தாள் ஒட்டுவது மின்புல இரைச்சலைத் தடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்த இரைச்சலிடம் அந்தத் தாளின் ஜம்பம் பலிக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிக்கப்பின் குரல் பிக்கப்புக்குள் மட்டும் இல்லை. சுருளுக்கு மின்தூண்டல் எண் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணத்தின் அளவு, ஹென்றியில் சொல்வார்கள்) உண்டு. கேபிளுக்கு மின்தேக்குத்திறன் உண்டு, மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் ஒத்ததிர்வுச் சுற்று. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஓசை சற்றுத் தூக்கலாகும், அதற்கு மேல் சரியும். ஒரு பிக்கப்புக்கு 3.5 ஹென்றி, ஐந்து மீட்டர் கேபிள், சுருளுக்கே உள்ள சிறிதளவு மின்தேக்குத்திறன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்த மேடு சுமார் 3,500 ஹெர்ட்ஸில் விழுகிறது. கேபிளை நீட்டினால் மேடு கீழே இறங்கும். ஆக, கேபிளும் வாத்தியத்தின் ஓர் உறுப்பு! மேட்டின் உயரத்தைக் குமிழ்கள் தீர்மானிக்கின்றன. குமிழ் என்பது மாற்றக்கூடிய மின்தடைதான். 250 கிலோ ஓம் குமிழ்கள் மூன்றும் பக்க இணைப்பில் சுமார் 83 கிலோ ஓம் சுமையாகி மேட்டைத் தேய்த்துவிடும். 500 கிலோ ஓம் போட்டால் மேடு நிமிர்ந்து ஓசை பளிச்சிடும்.

டோன் குமிழை முழுதாக மூடினால் என்ன நடக்கிறது? ‘உயர்ந்த ஒலிகள் போய்விடும்’ என்பது பாதி பதில்தான். வழக்கமான 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சுருளோடு சேர்ந்து, மேட்டையே ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸுக்கு இழுத்துவந்துவிடுகிறது. அதையே 0.01 ஆக மாற்றினால் மேடு 850 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். மந்தமாக ஒலிக்காமல், மூக்கடைத்துப் பாடுவது போன்ற சுவையான நடுத்தர ஓசை வரும். சில ரூபாய்ச் செலவு. பழங்கால மின்தேக்கி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்பதை வாங்கவேண்டியதில்லை. இந்த வேலைக்கு மின்தேக்கியின் அளவுதான் முக்கியம், அதன் வம்சம் அல்ல.

என் கணிப்பில் மிகப் பெரிய பலன் தருவது தொடரிணைப்புச் சுவிட்ச். ஜாஸ் பேஸின் பிக்கப்புகள் வழக்கமாகப் பக்க இணைப்பில் இருக்கும். அப்போது மொத்தத் தூண்டல் எண் பாதியாகிறது. தொடரிணைப்பில் இரட்டிப்பாகிறது. அதே சுருள்கள், அதே காந்தங்கள். ஆனால் இரண்டு நிலைகளுக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசம். மேடு சுமார் 4,500 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மின்னழுத்தமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபெல் கூடும். கிணுகிணுவென்று ஒலித்த கருவி திடீரென்று நெஞ்சை நிமிர்த்திப் பேசும். ஃபெண்டர் நிறுவனமே பிற்காலத்தில் இதை எஸ்-1 என்ற பெயரில் குமிழுக்குள் அழுத்தும் சுவிட்சாக வைத்து விற்றது. மேலே இழுக்கும் வகைக் குமிழ் ஒன்று போதும், மரத்தில் துளை போடவேண்டாம். தொடரிணைப்பில் பெரும்பாலும் ஒரே வால்யூம் குமிழ்தான் இரண்டு பிக்கப்புக்கும் பொது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல்முறை இதைச் செய்தபோது ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் சால்டர் வைத்துவிட்டேன். ஓசையின் அடித்தளமான தாழ்ந்த ஒலிகளே காணாமல் போய், தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஓசை. போதாததற்கு இரைச்சல் இரண்டு மடங்கு. இரு பிக்கப்புகளின் அலைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாகிவிட்டதால் இசை கழிந்தது, இரைச்சல் கூடியது. மேலே சொன்ன தந்திரத்தின் நேர் எதிர்ப்பக்கம். ஒயர்களை மாற்றியதும் சரியானது. அந்தப் பாடத்துக்கு ஒரு முழு மாலை ஆயிற்று.

பேட்டரி போட்ட ‘ஆக்டிவ்’ சுற்று வேறு பாதை. ஃபெண்டரை நிறுவிய லியோ ஃபெண்டரின் பங்களிப்போடு 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இதைப் பரவலாக்கியது. பிக்கப்பை ஒட்டியே ஒரு சிறு பெருக்கி இருப்பதால் கேபிளின் மின்தேக்குத்திறன் சுருளை எட்டுவதில்லை. மேடு மிக உயரத்துக்குப் போய், ஓசை கண்ணாடிபோல் தெளிகிறது. இன்னொன்று, குறைக்க மட்டுமே தெரிந்த டோன் குமிழ் போல் அல்லாமல், இது கூட்டவும் செய்யும். ஆனால் 9 வோல்ட் பேட்டரிக்கு ஓர் எல்லை உண்டு. தந்தியைக் கட்டைவிரலால் ஓங்கி அடித்து, தாழ்ந்த ஒலிகளையும் முழுதாகக் கூட்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும். சிலர் இரண்டு பேட்டரி வைத்து 18 வோல்ட் ஆக்குவது அதற்காகத்தான். பெரும்பாலான ஆக்டிவ் கருவிகளில் பேட்டரிக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. கேபிளின் முனை ஜாக்கில் நுழைந்தவுடன் மின்னோட்டம் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவாமல் தூங்கப் போனால், மறுநாள் ஒத்திகையில் பேட்டரி கடைக்கு ஓடவேண்டியிருக்கும்.