சாக்கெட்: சுரையா, பொருத்துவாயா?

மேசைக்கணினிக்கு உதிரிபாகங்கள் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது “எந்த சாக்கெட்?” என்பதுதான். கணினியின் பாகங்களை எல்லாம் இணைக்கும் மதர்போர்டு என்னும் பலகையில், செயலி (கணக்குகளைச் செய்யும் சில்லாகிய ப்ராசஸர்) அமரும் சதுர அல்லது செவ்வக இடத்துக்கு அந்தப் பெயர். ஏஎம்5, எல்ஜிஏ 1700 என்று பெட்டிகளின்மேல் அச்சிட்டிருப்பதும் அதையே குறிக்கிறது. அன்றாடம் புழங்கும் இச்சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் இதற்கு எதை வழங்கலாம், இது எதை உறுதி செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பவற்றைத் தெரிந்துகொண்டால், பொருந்தாத பாகத்துக்குப் பணம் கொடுக்கும் இழப்பைத் தவிர்க்கலாம்.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘சொக்’ என்றால் ஏரின் கொழு. அதன் குறுமைப் பெயராகிய ‘சொக்கெட்’ இங்கிலாந்துக்கு வந்து, இடைக்கால ஆங்கிலத்தில் முதலில் கொழுவைப் போன்ற வடிவுடைய ஈட்டிமுனையைக் குறித்தது. பின்னர் பொருள் நகர்ந்து, ஒன்றை உள்ளே ஏற்றுப் பிடித்துக்கொள்ளும் குடைவான பகுதிக்கு அது பெயராயிற்று. கண்குழி, எலும்பு மூட்டின் கிண்ணம், விளக்கு மாட்டும் ஹோல்டர், சுவரில் உள்ள மின்செருகி இடம் எல்லாம் இந்த இரண்டாவது பொருளின் வழியே வந்தவை.

ஈட்டிமுனையில் காம்பு ஏறி அமரும் குடைவுக்குத் தமிழில் மிகப் பழைய சொல் உண்டு: சுரை. புறநானூற்றின் 97ஆம் பாடலில், பகைவரின் அரண்களைக் கடந்து போரிட்டுச் சிதைந்த அதியமானின் வேல்களைச் சொல்லும் ஔவையார், ‘சுரை தழீஇய இருங்காழ்’ என்கிறார். காழ் என்பது வேலின் காம்பு. அக்காம்பைத் தழுவி நிற்கும் இரும்புக் குழல் சுரை. இன்றும் நகைத்தொழிலில் தோட்டின் திருகாணியோடு சேரும் பகுதியைச் சுரை என்று சொல்வதுண்டு. ஏற்றுப் பிடிக்கும் குழலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. குழாய், திருகு சார்ந்த சாக்கெட்டுகளுக்கு இதை மீட்டெடுப்பது நல்லது.

ஆனால் செயலியின் இருப்பிடத்துக்குச் சுரை ஒத்துவராது. முன்பு செயலியின் அடியில் ஊசிகள் இருந்தன, போர்டில் துளைகள் இருந்தன. அப்போது சுரை, குழி, துளை என எதையும் சொல்லியிருக்கலாம். 2004இல் செயலி தயாரிப்பாளரான இன்டெல் எல்ஜிஏ 775 என்னும் சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது இது தலைகீழானது. செயலியின் அடிப்பகுதி தட்டையான பொன்முலாம் புள்ளிகளாக மாறியது; வளைந்து நிற்கும் மெல்லிய கம்பி போன்ற தொடுமுனைகள் போர்டுக்கு இடம்பெயர்ந்தன. 2022இல் ஏஎம்5 வழியே, இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் வழக்கமான மேசைக்கணினிச் செயலிகளும் இதற்கு மாறின. இங்கே எதுவும் எதற்குள்ளும் நுழைவதில்லை. மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறியைப் பார்த்துச் செயலியைக் கிடத்தி, சட்டத்தை மூடி, நெம்புகோலை அழுத்துகிறோம். அந்த அழுத்தமே மின்தொடர்பை உண்டாக்குகிறது. எனவே கலைச்சொல்லாக வழங்கும் ‘பொருத்துவாய்’ என்பதையே நான் ஏற்கிறேன். வாய் என்பதற்குத் திறப்பு என்பதோடு இடம் என்னும் பொருளும் பழந்தமிழிலேயே உண்டு. ஆகவே துளை இருந்த காலத்துக்கும் துளை இல்லாத காலத்துக்கும் அது பொருந்துகிறது.

பொருத்துவாயின் பெயரில் வரும் எண் பெரும்பாலும் தொடுமுனைகளின் எண்ணிக்கை. எல்ஜிஏ 1700இல் 1700. ஏஎம்5இல் 1718 இருந்தாலும் அதன் பெயரில் எண் வருவதில்லை. அதாவது அந்த எண் சொல்வது வடிவத்தைப் பற்றி மட்டுமே. இதை நான் கற்றுக்கொண்டது என் அக்காள் மகனுக்குக் கணினி சேர்த்துக் கொடுத்தபோது. மலிவாகக் கிடைத்த, இன்டெல் செயலிகளின் ஆறாம் தலைமுறைக் காலத்து மதர்போர்டு ஒன்றும், எட்டாம் தலைமுறை ஐ5 செயலி ஒன்றும் கையில் இருந்தன. இரண்டும் எல்ஜிஏ 1151. செயலி சிக்கலின்றி உட்கார்ந்தது, விசிறி சுழன்றது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. 2017இல் எட்டாம் தலைமுறையை வெளியிட்டபோது இன்டெல், பொருத்துவாயின் பெயரையும் அளவையும் மாற்றாமல், சில தொடுமுனைகளின் மின்சாரப் பங்கீட்டை மாற்றி, 300 வரிசைச் சிப்செட் (செயலியையும் பிற பாகங்களையும் இணைக்கும் சில்லு) உள்ள புதிய போர்டுகளை மட்டுமே அதற்கு உரியவையாக்கியிருந்தது. பெட்டியின் முகப்பில் இருந்த 1151 என்னும் எண்ணை மட்டும் நான் நம்பியிருந்தேன்.

இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பொருந்துதல் வேறு, இணங்குதல் வேறு. செயலி பொருத்துவாயில் அமர்வது பொருத்தம். மின்வழங்கல், சிப்செட், பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்), நினைவகம் எல்லாம் அதை ஏற்று இயக்குவது இணக்கம். விளம்பரம் முன்னதைக் காட்டிப் பின்னதையும் உறுதி செய்துவிட்டதுபோல் பேசுகிறது. ஏஎம்5க்கு முந்தைய ஏஎம்4 போர்டுப் பெட்டிகளில், ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசைச் செயலிகளுக்காக ‘ரைசன் 3000 ரெடி’ என்று ஒட்டியிருந்த வில்லையை இப்படித்தான் படிக்க வேண்டும்: இந்தச் செயலியை அடையாளம் காணும் பயாஸ் பதிப்பு ஆலையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். வில்லை இல்லாத பழைய இருப்பு அதே பொருத்துவாயைக் கொண்டிருந்தும், பயாஸைப் புதுப்பிக்கும்வரை புதிய செயலியோடு எழும்பாமல் போகலாம். எல்ஜிஏ 1700இல் இன்னொரு கண்ணி உண்டு. டிடிஆர்4 வகை ராம் (நினைவகம்) ஏற்கும் போர்டும் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ஏற்கும் போர்டும் ஏறக்குறைய ஒரே மாடல் பெயரில் விற்கப்பட்டன. ராம் பட்டையின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது.

ஆகவே வாங்கும் பட்டியலைத் தமிழில் எழுதும்போது ‘பொருத்துவாய்’ என்பதற்குக் கீழே ‘இணக்கம்’ என்று தனி வரி ஒன்றை எழுதுங்கள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில், அந்த மாடலுக்கு உரிய செயலிப் பட்டியலில், நீங்கள் வாங்கும் செயலியின் பெயருக்கு நேரே குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு எண் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கையில் தரப்படும் போர்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பில் போடுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்.