தாத்தா எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

தமிழ்த் திரையுலகின் பழைய பட நிறுவனங்களில் பல குடும்ப நிறுவனங்களே. இசைத்தட்டு வணிகத்திலிருந்து படத்துறைக்கு வந்த ஏ.வி.மெய்யப்பன் 1945-இல் தொடங்கிய ஏவிஎம், மகன்கள், பேரப்பிள்ளைகள் எனத் தொடர்ந்தது. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் வளர்த்த மாடர்ன் தியேட்டர்ஸ், 1963-இல் அவர் மறைந்தபின் மகன் பொறுப்பில் சில காலம் நடந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவுதான் நிற்கிறது. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோவை மேம்பாலத்தின் பெயர் நினைவூட்டுகிறது. ஸ்டுடியோ மனை விலைபோன பிறகும் குடும்பத்திடம் மிஞ்சக்கூடிய சொத்து, எடுத்த படங்களின் பதிப்புரிமை. ஆனால் ஆவணங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் நான் காணும் குடும்பங்களில் மிகக் கவனக்குறைவாகக் கையாளப்படுவதும் அதுவே.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீடும் நிலமும் சர்வே எண், நான்கெல்லையோடு விரிவாக எழுதப்பட்டிருக்கும். இருபது படங்களோ 'இதர அசையும் சொத்துகள்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும், அல்லது அந்த வரிகூட இருக்காது. நெகட்டிவ் (மூலப் படச்சுருள்) பெட்டிகள் மூத்தவர் வீட்டு மாடியில் இருந்ததால் படங்களும் அவருக்கே என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். பெட்டி வேறு, உரிமை வேறு. (மூன்றாம் தலைமுறையிலும் இந்த நம்பிக்கை உயிரோடு இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.)

நிறுவனம் எந்த வடிவில் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் படங்கள் கம்பெனிக்கே சொந்தம். வாரிசுகளுக்கு வருவது பங்குகள் மட்டுமே. கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு கூட்டாளி இறந்ததும் அது கலைந்துவிடும். தாத்தா தனி உரிமையாளராகப் படமெடுத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகன்களுக்குள்ள அதே பங்கு மகள்களுக்கும் உண்டு. மனைவிக்கும், அப்போது உயிரோடிருந்தால் தாயாருக்கும் உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு ஓடிடி தளத்துக்குப் படத்தை விற்க முனையும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி அத்தையைப் பற்றியதாகவே இருக்கும். வெளியூரில் வாழும் அத்தையிடம் அதுவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அடுத்த சிக்கல் தாத்தாவின் கையெழுத்து. அடுத்த படத்துக்குப் பணம் புரட்ட, முந்தைய படத்தின் நெகட்டிவ் உரிமையை விற்பதோ பைனான்சியரிடம் ஈடு வைப்பதோ இத்துறையில் புதிதல்ல. கடன் தீர்ந்திருக்கும், தீர்ந்ததற்கான கடிதம் இருக்காது. உரிமை மாற்றத்துக்குக் கால வரையறை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் எனக் கொள்ளும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை நம்பிப் பலர் என்னிடம் வருகிறார்கள். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்பதை அதே பிரிவின் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது. ஆகவே தாத்தா காலத்துத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வரிக்கு வரி படித்தாக வேண்டும்: விற்றது ஒரு விநியோக ஏரியாவையா, திரையரங்க உரிமையையா, முழு உரிமையையுமா?

எனவே மூத்த தலைமுறை நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்பு தொடங்குங்கள்: தணிக்கைச் சான்றிதழ், கூட்டு ஒப்பந்தம், விநியோக ஒப்பந்தங்கள், லேப் லெட்டர் (நெகட்டிவ் யார் பெயரில் இருக்கிறது என்று ஃபிலிம் லேப் தரும் கடிதம்), கடன் தீர்ந்த கடிதம், வாரிசுச் சான்றிதழ். உயில் எழுதுவதானால் படங்களைப் பெயர் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே நீடிக்கும். 1966-இல் வெளியான படத்துக்கு அது 2026 டிசம்பரோடு முடிகிறது. வாரிசுகளுக்குள் வழக்கு நடந்த ஆண்டுகளைச் சட்டம் கூட்டித் தருவதில்லை.