மஞ்சள் பத்திரிகை: பெயர் வந்த கதை

மங்கலத்துக்கு உரிய மஞ்சள், கேவலமான பத்திரிகைக்கு எப்படிப் பெயராயிற்று? மலிவுத்தாள் பழுப்பேறுவதால் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அது ஒரு கார்ட்டூன் பையனின் அங்கி நிறம்.

1890-களின் நியூயார்க். ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்டு’ நாளிதழில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மொட்டைத்தலைச் சேரிப் பையன் தொளதொள மஞ்சள் அங்கியோடு வருவான். ‘மஞ்சள் பையன்’ என்றே பெயர் நிலைத்தது. 1895-இல் ‘ஜர்னல்’ நாளிதழை வாங்கிப் போட்டியில் குதித்தார் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட். சுரங்க முதலாளியின் மகன், காசுக்குப் பஞ்சமில்லை. மறு ஆண்டே அவுட்கால்ட்டை இழுத்துக்கொண்டார். புலிட்சரும் விடவில்லை, வேறொருவரை வைத்து அதே பையனை வரையச் சொன்னார். இரண்டு பத்திரிகையிலும் ஒரே பையன்! 1897-இல் ‘நியூயார்க் பிரஸ்’ ஆசிரியர் எர்வின் வார்ட்மன் இரண்டையும் சேர்த்து ‘மஞ்சள் இதழியல்’ என்று நக்கலடிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது.

அது உதிராமல் பார்த்துக்கொண்டவர் ஹெர்ஸ்ட்தான். 1898 பிப்ரவரி 15 இரவு, அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரணம் தெரியுமுன்பே எதிரியின் வேலை என்று தலைப்பிட்ட ‘ஜர்னல்’, துப்புக்கு 50,000 டாலர் பரிசும் அறிவித்தது. சில வாரங்களில் ஸ்பெயினோடு போர். “நீ படம் அனுப்பு, போருக்கு நான் பொறுப்பு” என்ற பொருளில் ஹெர்ஸ்ட் தன் ஓவியருக்குத் தந்தி அடித்ததாக இன்றும் சொல்வார்கள். அந்தத் தந்தி யார் கையிலும் சிக்கியதில்லை, ஹெர்ஸ்டும் மறுத்தார். திரித்து எழுதியவரைப் பற்றியே ஒரு திரித்த கதை!

ஹெர்ஸ்ட் 1951-இல் மறையும் வரை பத்திரிகை முதலாளிதான். இடையில் 1903 முதல் 1907 வரை நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. அதே சேற்றில் உருண்ட புலிட்சர் பெயரிலோ 1917 முதல் இதழியலுக்கே விருது கொடுக்கிறார்கள்.

தமிழுக்கு வந்ததும் சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. ‘மஞ்சள் பத்திரிகை’ என்றால் ஆபாசம், அந்தரங்க வம்பு, மிரட்டிக் காசு பறிப்பது என்றே நமக்குத் தோன்றும். அரைகுறைச் செய்தியைக் கொட்டை எழுத்தில் ஊதிப் போரை மூட்டும் பெரிய நாளிதழ் இந்தப் பெயருக்குள் அகப்படாமல் தப்பிவிடுகிறது. ‘பரபரப்பு இதழியல்’ என்பதும் போதாது. உண்மைச் செய்தியும் பரபரப்பாக இருக்கலாமே. ‘கண், காது, மூக்கு வைத்துச் சொல்வது’ என்கிறோமே, அதற்கு நெருக்கமாக எனக்குப் படுவது ‘திரிபு இதழியல்’. ஹெர்ஸ்டைப் பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தலாம். ‘மஞ்சள் பத்திரிகை’யைக் கிசுகிசு ஏடுகளுக்கே விட்டுவிடலாம்.