24 மணி நேரம் யாருக்கு விதித்த கெடு?

சென்ற வாரமும் ஒரு குடும்பத்தினர் என்னிடம் வந்தார்கள். மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று மூன்று நாள்கள் கழிந்த பிறகு. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், விசாரணைக்குத்தான் அழைத்துப் போனார்கள், கைது இல்லை என்று சொன்னார்கள் என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கைதானவரிடம் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், அவர் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு.

படித்தவர்கள்கூட இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஒரு நாள் வரை யாரையும் உட்கார வைக்கக் காவல்துறைக்கு அரசியலமைப்பே அனுமதி தந்திருப்பதாகச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த உறுப்பு இருப்பது அடிப்படை உரிமைகள் பகுதியில். அரசின் கையைக் கட்டுவதற்காகவே அது எழுதப்பட்டது. கைது செய்யும் அதிகாரம் வேறு சட்டங்களிலிருந்து வருகிறது. அவற்றின்படிக் காரணம் இல்லையென்றால் பத்து நிமிடம் பிடித்து வைப்பதும் சட்டவிரோதமே. காரணம் இருந்தாலும் 24 மணி நேரம் என்பது உச்ச வரம்புதான். ஆறு மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்த முடியுமானால், மீதி நேரம் காவல் நிலையத்துக்குச் சொந்தமாகிவிடாது. கைதுக் குறிப்பாணையில் எழுதிய நேரத்திலிருந்துதான் கணக்கு என்று எண்ணுவதும் பிழை. ஒருவர் எழுந்து வெளியே போக முடியாத நிலை எப்போது வந்ததோ, அப்போதே கெடு தொடங்கிவிடுகிறது என்று உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

இந்தக் கெடு 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. ஆனாலும் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் இதை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு: சாதாரணச் சட்டத்தை ஆளும் பெரும்பான்மை நினைத்தால் நீக்கிவிடலாம், அடிப்படை உரிமையை அப்படி நீக்க முடியாது.

கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025-இல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத்தினர், அழைத்துச் சென்ற நேரம், வண்டி எண், அலுவலரின் பெயர் ஆகியவற்றை அப்போதே எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். 2013-இல் தந்திச் சேவை நிற்கும் வரை, மூத்த வழக்குரைஞர்கள் முதலில் தந்தி அடிக்கத்தான் சொல்வார்கள். பிறகு, பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவில் அந்தத் தந்தியின் நேரமே சாட்சியாக நிற்கும். கைதானவர்களும் நடுவர் கேட்கும்போது, பக்கத்தில் காவலர் நிற்கிறாரே என்று வாயை மூடிக்கொள்ளாமல், எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா என்பதைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இனிமேல் குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைக்கும், குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவல் சட்டங்களுக்கு இந்தக் கெடு பொருந்தாது. 22-ஆவது உறுப்பே அவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது, அதற்கு வழி வேறு. மற்ற கைதுகளில், வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று யாரும் நாள் கடத்த வேண்டாம். 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அன்றைக்கே அழையுங்கள்.